உன் அப்பா ஊசி போட்டு விட்ட கெண்டை

அன்பு மகன் ஜெரோமுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்குள் நுழைந்த உடனே உன் போன் வந்தது. கப்பல் சிங்கப்பூரில் நிற்கிறது, சிக்னல் எப்போது போகும் என்று தெரியாது என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல் நேராக விஷயத்துக்கு வந்தாய். "யம்மா, அந்த வீடியோவ நீ பாத்தியா?" என்றாய். பார்த்தேன் என்றேன். "தாசன் மாமா அனுப்பிச்சாவ. ஜெனி வீட்டுலயும் யாரோ காட்டிருக்காவ. நாசரேத்துல பெரியவங்க எல்லாம் கேக்காவளாம், மாப்பிள்ளையோட அம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையான்னு. அவுங்க வேற சபை, வேற ஊரு. ஏற்கெனவே அவுங்களுக்கு ஆயிரம் யோசன. கல்யாணம் முடியுற வரைக்காவது ஆத்துப் பக்கம் போவாதம்மா." நான் "யோசிக்கேன்" என்றேன். நீ ஏதோ சொல்லத் தொடங்கினாய், அதற்குள் லைன் போய்விட்டது.

வீடியோவில் இருப்பது நான்தான். முழங்கால் தண்ணீரில் சேலையோடு உட்கார்ந்து, ஒரு மீனை மடியில் அணைத்துக்கொண்டு, வாயைத் திறந்து அழுகிறேன். எதிர்க்கரையில் குளிக்க வந்த யாரோ எடுத்திருக்கிறார்கள். சத்தம் கேட்காது, மீனின் முதுகில் இருப்பதும் தெரியாது. அதைப் பார்க்கிறவன் இந்தப் பொம்பளைக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைப்பான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏன் அழுதாய் என்று நீயும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சிக்னல் விட்டுவிட்டு வருகிற போனில் என்னால் சொல்லியிருக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். இதை நீ ஒளித்துவைக்க வேண்டியதில்லை. அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் எல்லாரும் இதைப் படிக்கலாம். அதற்காகவே உனக்குத் தெரிந்த சிலதையும் சேர்த்து எழுதுகிறேன்.

உன் அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர், டக் மாஸ்டர் என்பார்கள். வருகிற கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் தளத்தில் கொண்டு சேர்க்கிற வேலை. காதில் எப்போதும் என்ஜின் சத்தம் இருக்கும். லீவு நாளில் அவர் கடற்கரைக்கு வரவே மாட்டார். தூண்டில் கம்புகளை எடுத்துக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பக்கம் போய்விடுவார். "கடல்ல நமக்கு வேல, ஆத்துலதான்ளா லீவு" என்பார். முத்தையாபுரத்தில் இரும்புக்கடை வைத்திருக்கிற செல்வராஜ் அண்ணாச்சி கூடப் போவார். கிடைக்கிற மீன் முழுக்க அண்ணாச்சி வீட்டுக்குத்தான் போகும். நான் பெரியதாழையில் பிறந்தவள், கடல் மீன் தின்று வளர்ந்தவள். ஆற்று மீனில் மண் வாடை அடிக்கும் என்று என் குசினிக்குள் அதைச் சேர்த்ததே இல்லை. முப்பது வருஷக் குடும்பத்தில் ஒரு தடவைகூட நான் அவரோடு ஆற்றுக்குப் போனதும் இல்லை. இதை வருத்தமாகச் சொல்லவில்லை. எனக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் டூட்டி, வீடு, நீ. அவருக்கு அந்தத் தண்ணீரும் அண்ணாச்சியும். சாயங்காலம் திரும்பி வரும்போது அவர் முகம் தெளிந்திருக்கும், எனக்கு அது போதும். ஜெனியையும் நீ எல்லா இடத்துக்கும் உன்கூடவே இழுத்துக்கொண்டு போகாதே. அவளும் உன்னை அப்படி இழுக்க வேண்டாம். இரண்டு பேருக்கும் தனியாக நிற்க ஒரு கரை இருக்கட்டும்.

அப்பா ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் மலர் என்று ஒரு பெண் அணைக்கட்டுக்கு வந்தாள். மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். தூண்டில் போடுகிறவர்களிடம் போய், "நீங்க மீனக் கொண்டு போங்க, தலைய மட்டும் எனக்குத் தாங்க" என்று கேட்டாளாம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். உன் அப்பா மட்டும் எதற்கு என்று கேட்டார். மீனுக்கும் காது உண்டு, வெளியே தெரியாது, மண்டைக்குள் இருக்கிறது, அதற்குள்ளே சின்னதாக ஒரு கல் இருக்கும் என்று சொன்னாள். மீன் வளர வளர அந்தக் கல்லும் சுற்றிலும் படிந்து பெரிதாகுமாம். தீனி கிடைக்கிற காலத்தில் அகலமாகவும் கிடைக்காத காலத்தில் நெருக்கமாகவும் படியுமாம். கல்லை மெல்லிசாக அறுத்துப் பார்த்தால் வளையம் வளையமாகத் தெரியும். அதை எண்ணி மீனின் வயதைச் சொல்லலாம். செதிலிலும் வளையம் உண்டு, செதிலை எடுத்தால் மீன் சாகாது. ஆனால் வயதான மீனின் செதில் ஓரத்தில் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் வயதைக் குறைத்துக் காட்டிவிடும். கல்தான் சரியாகச் சொல்லும். கல்லை எடுக்க மீன் சாக வேண்டும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டே இதையெல்லாம் என்னிடம் சொன்னார். அதோடு நம் ஐஸ் பெட்டியில் ஒரு மூலையும் கேட்டார். "தலை மட்டுந்தான். மூடி போட்ட டப்பாவுல வைக்கேன். கொழம்புக்குக் கேக்கல" என்றார். நான் கொஞ்சம் முனகிவிட்டுச் சரி என்றேன். ஒவ்வொரு தலையையும் பாலித்தீன் உறையில் போட்டு, எங்கே பிடித்தது, மீன் எவ்வளவு நீளம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே வைப்பார். அவரைப் பார்த்து அண்ணாச்சியும் மற்றவர்களும் தலைகளைக் கொடுக்கத் தொடங்கினார்கள். யாருக்கும் கூலி கிடையாது. மலர் வரும்போது வடை வாங்கி வருவாள், அவ்வளவுதான்.

ஆனால் மலருக்கு ஒரு சிக்கல் இருந்தது. பனி பெய்கிற நாடுகளில் வருஷத்துக்கு ஒரு குளிர்காலம், அதனால் ஒரு வளையம் என்றால் ஒரு வருஷம். நம் ஆற்றில் அப்படி இல்லை. மலையில் மழை பெய்து ஒரு தடவை தண்ணீர் வருகிறது, ஐப்பசி கார்த்திகையில் இங்கேயே பெய்து இன்னொரு தடவை வருகிறது. அப்படியானால் வருஷத்துக்கு வளையம் ஒன்றா, இரண்டா? பத்து வளையம் உள்ள மீனுக்கு வயது பத்தா, ஐந்தா? அது தெரியாமல், இந்த ஆற்றில் எவ்வளவு பிடிக்கலாம், எதை விட வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கு ஒரே வழி, உயிருள்ள மீனின் கல்லில் ஒரு அடையாளத்தைப் போட்டு ஆற்றில் விட்டுவிட்டு, சில வருஷம் கழித்து அதே மீனைப் பிடித்து, அடையாளத்துக்கு வெளியே எத்தனை வளையம் இருக்கிறது என்று எண்ணுவது.

அந்த அடையாளத்தை ஊசி மருந்தில் போடுகிறார்கள். ஒருநாள் அப்பா குசினிக்குள் வந்து, "ஏளா, ஊசி எந்தச் சாய்வுல குத்தணும்? காட்டித் தா" என்றார். யாருக்கு என்றேன். "கெண்டைக்கு" என்றார். சாத்துக்குடிப் பழத்தை வைத்து நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். நீ அப்போது லீவில் வந்திருந்தாய், வாசலில் நின்று சிரித்தாய். மருந்தின் பெயரைக் கேட்டேன். டெட்ராசைக்ளின் வகை. எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. அதைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று வார்டில் எத்தனை தாய்மாரிடம் சொல்லியிருக்கிறேன், முளைக்கிற பல்லில் மஞ்சளாகப் படிந்துவிடும் என்று. வளர்கிற எலும்பிலும் அது போய் உட்காரும். மீனின் காதுக் கல்லிலும் அன்றைக்கு வளர்ந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளுமாம். அடுத்த வாரம் அவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு கூட்டம் மீனைப் பிடித்து, ஊசி போட்டு, முதுகுத் துடுப்புக்கு அடியில் எண் எழுதிய மஞ்சள் பிளாஸ்டிக் இழையை மாட்டி, அணைக்கட்டுக்கு மேலே விட்டார்கள். தான் விட்ட மீன்களின் எண்கள் எல்லாம் அப்பாவுக்கு மனப்பாடம். சாப்பிடும்போது திடீரென்று ஒரு எண்ணைச் சொல்லி, "அது நல்ல முரட்டுக் கெண்டை, கையில நிக்கவே இல்ல" என்பார்.

அடுத்த வருஷம் கோடையில் அவர் போய்விட்டார். அதைப் பற்றி உனக்கு நான் எழுத வேண்டாம், நீயும் நானும்தான் பக்கத்தில் இருந்தோம். அடக்கம் முடிந்த மறுநாள் நீ வீட்டைச் சுத்தம் பண்ணத் தொடங்கினாய். உனக்குக் கை சும்மா இருக்க முடியவில்லை என்று எனக்குத் தெரியும். ஐஸ் பெட்டியைத் திறந்து, அந்த டப்பாவை வெளியே எடுத்தாய். "யம்மா, இத இன்னும் எதுக்கு வச்சிக்கிட்டு? தூரப் போடுதேன்" என்றாய். நான் உன் கையிலிருந்து பிடுங்கினேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகவே பிடுங்கிவிட்டேன். நீ மாடிக்குப் போய்விட்டாய். மேலாக இருந்த உறையில் அவர் கையெழுத்து ஈரத்தில் கலங்கியிருந்தது. அது மலருக்குப் போக வேண்டிய பொருள், நம்முடையது இல்லை, அவ்வளவுதான் என் மனதில் பட்டது.

நீ கப்பலுக்குப் போன பிறகு நான் டப்பாவை ஐஸ் கட்டிக்கு நடுவில் வைத்து, பையில் போட்டு, பஸ் ஏறி மலரின் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். அவளுக்கு என்னைத் தெரியாது. பையை மேசையில் வைத்து, டக் மாஸ்டர் வீட்டிலிருந்து வருகிறேன் என்றதும் எழுந்து நின்றுவிட்டாள். அழுவாளோ என்று பயந்தேன், அழவில்லை. ஒவ்வொரு உறையாக எடுத்து, காகிதத்தை வாசித்து, தன் பெட்டியில் அடுக்கினாள். கடைசியாக ஒரு பெரிய தலை. "இதப் பத்தி சார் எனக்கு போன் பண்ணுனாரும்மா. ஆத்துல தான் பார்த்ததிலேயே பெரிசுன்னு சொன்னாரு" என்றாள். எவ்வளவு வயதிருக்கும் என்று கேட்டேன். "வளையம் எண்ணிச் சொல்லிருவேன். ஆனா அது வருஷமா அரை வருஷமான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. அடையாளம் போட்ட மீன் ஒண்ணுகூட இன்னும் திரும்பி வரல" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த மார்கழியில் வெள்ளம். நீ அப்போது எங்கோ நடுக்கடலில் இருந்தாய், நான் போன் எடுக்கவில்லை என்று எத்தனை பேரிடம் கேட்டாயோ. முத்தையாபுரத்தில் நம் தெருவில் தண்ணீர் ஜன்னல் வரைக்கும் வந்தது. ஐஸ் பெட்டி மிதந்து போய்க் கதவில் முட்டிக்கொண்டு நின்றது. அண்ணாச்சி கடையில் இருந்த இரும்பு முழுக்கச் சேற்றுக்குள் போய்விட்டது. கரைகளை உடைத்துக்கொண்டு ஓடிய ஆற்றில் மீன் எங்கே நிற்கும்? குளங்களுக்கும் வயல்களுக்கும் கடலுக்கும் போயிருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆற்றுக் கெண்டை உப்புத் தண்ணீரில் பிழைக்காது. மலர் தன் வேலையின் பாதி போய்விட்டது என்று அண்ணாச்சியிடம் சொன்னாளாம். தூண்டில் போடுகிறவர்களுக்கும் அவரவர் வீடு வாசலைப் பார்க்கவே நேரம் இல்லை. அந்தக் கூட்டம் கலைந்துபோனது.

தண்ணீர் வடிந்து, வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்த பிறகு, ஒருநாள் அண்ணாச்சி வந்தார். நம் வீட்டுச் சுவரில் உயரத்தில் மாட்டியிருந்த தூண்டில் கம்புகள் நனையாமல் இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சிஸ்டர், அந்தப் பிள்ள மறுபடியும் கேக்கா. யாராவது வாரத்துக்கு ஒருநா வந்து போட்டுப் பாத்தா, இழை மாட்டுன மீனு ஒண்ணாவது சிக்காதாங்கா. பழைய ஆளுவ ஒருத்தனும் வரமாட்டேங்கான். நான் ஒத்தையில எங்கன போய் நிக்க?" என்றார். கம்புகளைக் கேட்கத்தான் வந்திருந்தார். நான் "கம்பு மட்டும் எதுக்கு அண்ணாச்சி, நானும் வாரேன்" என்றேன். அந்தப் பெண்ணுக்கு ஆள் தேவை, எனக்குச் சனிக்கிழமைகள் காலியாக இருந்தன.

முதல் மாதங்களில் நான் பிடித்தது ஒன்றுமில்லை. முள்ளில் மைதா உருண்டையைப் பிடித்து வைக்கவே அண்ணாச்சி பல தடவை காட்டித் தந்தார். என் வீசல் போய்க் கருவேல மரத்தில் மாட்டும். குளிக்க வருகிற பெண்கள் என்னைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். ஈஸ்டருக்குப் பெரியதாழைக்குப் போனபோது, உன் தாசன் மாமா சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும், "யக்கா, கடல்காரன் மவ போயி மண் வாடை மீனுக்குத் தவம் கிடக்காளாமே? மச்சான் இருந்தா இதுக்கு விடுவாவளா?" என்றார். என் தம்பிதானே என்று நானும் சும்மா விடவில்லை. "அவுங்க தொடங்கி வச்ச வேலைதான்லே" என்றேன். அவன் சிரித்துவிட்டு மீனை எடுத்து என் தட்டில் வைத்தான். அடுத்த சனிக்கிழமையும் ஆற்றுக்குப் போனேன். மழையால் நின்றுபோன வாரங்கள் தவிர மற்றபடி போனேன். கெளுத்தி கடித்தது, சின்னக் கெண்டைகள் கடித்தன. ஒவ்வொன்றின் முதுகையும் பார்ப்போம். இழை இருக்காது. விட்டுவிடுவோம், அல்லது அண்ணாச்சி எடுத்துக்கொண்டு தலையை மட்டும் ஒதுக்கி வைப்பார்.

போன ஆடியில், மலைத் தண்ணீர் வந்து ஆறு கொஞ்சம் கலங்கியிருந்தபோது, அது கடித்தது. கம்பு வளைந்ததும் அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார், கை வைக்கவில்லை. "விடுங்க, விடுங்க, நூல விட்டுக் குடுங்க சிஸ்டர்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அது ஓடியது, நின்றது, மறுபடியும் ஓடியது. கரைக்குக் கொண்டுவரும்போது என் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. நான் தண்ணீருக்குள் இறங்கிக் கைவலையை அடியில் கொடுத்தேன். பாசி படிந்து கறுத்த ஏதோ ஒன்று முதுகில் நீட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் தேய்த்தேன். மஞ்சள் தெரிந்தது. எண் தெரிந்தது. உன் அப்பா சாப்பிடும்போது சொல்லுவாரே, கையில் நிற்கவே இல்லை என்று, அந்த எண்.

நான் அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். அடக்கத்தன்று நான் அழவில்லை, உனக்கு ஞாபகம் இருக்கும். கல்லறையில் எல்லாரும் என்னைத் தாங்கிப் பிடிக்கத் தயாராக நின்றார்கள், நான் நேராக நின்றேன். ஆஸ்பத்திரி வேலை அப்படிப் பழக்கிவிட்டது. ஆற்றில் என்னைத் தாங்க யாரும் நிற்கவில்லை. கடைசியாக அந்த மீனைத் தொட்ட கை அவருடையது என்று நினைத்தேன், அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் நினைவில்லை. அந்த நேரத்தைத்தான் எதிர்க்கரையில் நின்றவர் எடுத்திருக்கிறார்.

அண்ணாச்சி மலருக்குப் போன் போட்டார். அவள் வந்து சேரும் வரைக்கும் மீனைப் பெரிய வாளியில் ஆற்றுத் தண்ணீர் ஊற்றி உயிரோடு வைத்திருந்தோம். அது செவுளை மெதுவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். "சிஸ்டர், நான் ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்காதிய. மாஸ்டர் கையால விட்ட உசுரு. வெள்ளத்துலயே பொழைச்சிருக்கு. நம்ம இத விட்டுருவோம். அந்தப் பிள்ளைகிட்ட செதில் நாலு எடுத்துக் குடுத்துருவோம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. மலர் வந்தாள். இழையைப் பார்த்தாள், தன் போனில் இருந்த எண்ணோடு சரிபார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். எத்தனை வருஷமாக அவள் காத்திருந்த மீன் அது. ஆனாலும், "அம்மா, நீங்க விட்டுருங்கன்னா விட்டுருதேன். எனக்குக் கோவம் வராது. சத்தியமா" என்றாள்.

மகனே, எது சரி என்று எனக்கு அந்த நேரத்தில் தெரியவில்லை. விட்டுவிட்டால் அது ஆற்றில் எங்கோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படுக்கலாம், அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அவர் எதற்காக அதற்கு ஊசி போட்டார் என்று யோசித்தேன். என்னிடம் சாய்வு கேட்டு, சாத்துக்குடியில் குத்திப் பழகி, அதைச் செய்தது பின்னால் ஒருநாள் யாராவது பிடித்து அந்தக் கல்லைப் பார்க்க வேண்டும் என்பதற்குத்தான். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அத்தனை தலைகளையும் என்னிடம் இடம் கேட்டுச் சேர்த்து வைத்தார். என் ஆறுதலுக்காக அதை விட்டால், அவர் கேட்டதற்குப் பதில் கிடைக்காமலே போகும். "எடுத்துக்கோ மலர்" என்றேன். "நல்லா யோசிச்சியளா?" என்றார் அண்ணாச்சி. "யோசிச்சிட்டேன் அண்ணாச்சி. அவுங்க இருந்தா அவுங்களே தூக்கிக் குடுத்திருப்பாவ" என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து கொஞ்ச தூரம் தள்ளிப்போய் நின்றார்.

மலர் இன்னொரு வாளித் தண்ணீரில் கிராம்பு எண்ணெயைக் கலந்தாள். மீனுக்கு வலிக்காமல் மயக்கம் வந்து, அப்படியே போய்விடும் என்றாள். நான்தான் அதைத் தூக்கி அந்த வாளிக்குள் வைத்தேன். வேறு யாரும் செய்யக் கூடாது என்று தோன்றியது. அது பக்கவாட்டில் சாயும் வரைக்கும் கையை அடியிலேயே வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். திரும்பும்போது பஸ்ஸில் என் கையெல்லாம் கிராம்பு மணத்தது. பக்கத்தில் இருந்த பெண், பல் வலியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

கெண்டையின் காதுக் கல் மிகவும் சின்னது, உடைந்துவிட்டால் எல்லாம் போச்சு. மலர் அதை எடுத்து, வெளிச்சம் படாமல் பொதிந்து வைத்தாள், வெளிச்சம் பட்டால் அடையாளம் மங்கிவிடும் என்று. பசையில் பதித்து, அறுத்து, தேய்த்து முடிக்கச் சில வாரம் ஆனது. தான் மட்டும் எண்ணினால் ஆசையில் தப்பாக எண்ணிவிடுவேன் என்று, எந்த மீன், எப்போது விட்டது என்று எதுவும் சொல்லாமல் வேறு இரண்டு பேரிடம் கொடுத்து எண்ணச் சொன்னாளாம். அவர்கள் இரண்டு பேரும் ஒரே கணக்கைச் சொன்ன பிறகுதான் என்னையும் அண்ணாச்சியையும் கூப்பிட்டாள். உன்னிடம் போனில் மலரைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேனே, அது இதற்குத்தான்.

அவள் ஆய்வுக்கூடத்தில் ஒரு இருட்டு அறை, மேசையில் மைக்ராஸ்கோப். முதலில் அண்ணாச்சி பார்த்தார், ஒன்றும் புரியவில்லை என்று நகர்ந்தார். நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தேன். கறுப்புக்கு நடுவில் மெல்லிசாக ஒரு கோடு, பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில், வட்டத்தின் ஒரு பக்கமாக எரிந்துகொண்டிருந்தது. "அதாம்மா, சார் ஊசி போட்ட நாளு" என்றாள் மலர். பிறகு விளக்கை மாற்றினாள். கோட்டுக்கு வெளியே வளையங்கள் தெரிந்தன. மூன்று. அவர் அதை விட்டு மூன்று வருஷம். "ஒரு வருஷம், ஒரு வளையம்" என்றாள். "ஒரு மீன வச்சு மொத்தத்தையும் சொல்லிர முடியாது, இன்னும் சிக்கணும். ஆனா இப்பம் எனக்கு வழி தெரியுது." ஒரு வளையம் மட்டும் மற்றதைவிட நெருக்கமாக இருந்தது. அது வெள்ளத்து வருஷமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். அதற்கு அடுத்தது நல்ல அகலமாக இருந்தது.

அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் ஐஸ் பெட்டியில் இருந்த பெரிய தலைக்கு வயது பதினொன்று. அப்பாவும் அண்ணாச்சியும் நாலோ ஐந்தோ இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இந்த மாதிரி எத்தனைய நான் கொழம்பு வச்சிருப்பேன்" என்றார், யாரையும் பார்க்காமல். அந்தப் பெரிசுகள்தான் ஏராளமாக முட்டை போடுகிறவை, ஒன்று போனால் அந்த இடத்துக்கு இன்னொன்று வளர்ந்து வர அத்தனை வருஷம் ஆகும். இப்போது தூண்டில் போடுகிறவர்கள் பலபேர் பெரிய கெண்டையை ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். யாரும் சட்டம் போடவில்லை. அண்ணாச்சி கடைக்கு வருகிறவர்களிடம் ஆணியை நிறுத்துக்கொண்டே இதைச் சொல்கிறார், அவர்கள் கேட்கிறார்கள்.

நடந்தது இவ்வளவுதான். இனி நீ கேட்டதற்கு வருகிறேன். உன் பயம் எனக்குப் புரிகிறது. நீ விரும்பின பெண், வேறு சபை, இரண்டு வீட்டையும் ஒரு வழியாகச் சம்மதிக்க வைத்திருக்கிறாய், அதில் ஒரு சின்னக் கல்கூட விழக் கூடாது என்று நினைக்கிறாய். உன் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். இன்றைக்கு அவர்கள் மனம் கோணாதிருக்க உன் அம்மாவை ஒரு மாதம் மறைத்து வைத்தால், நாளைக்கு ஜெனியிடமும் எதையாவது மறைத்து வைக்கப் பழகிவிடுவாய். குடும்பத்தில் பெரிய சண்டைகளைவிட இந்தச் சின்ன மறைப்புகள்தான் ஆளைத் தின்னும். அவர்களுக்கு ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கு நம்மிடம் பதிலும் இருக்கிறது. சொல்லிவிட்டுப் போவோமே.

உன் லைன் போன அன்று சாயங்காலமே ஜெனி எனக்குப் போன் செய்தாள். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். "மாமி, ஒண்ணு கேக்கலாமா? அந்த மீனுக்கு என்ன ஆச்சு?" என்றாள். நீயும் தாசனும் ஊரும் கேட்காததை அந்தப் பிள்ளை கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. "எங்க வீட்டுல நான் பேசிக்கிடுதேன் மாமி" என்றாள். அவளை நன்றாக வைத்துக்கொள்.

இழை மாட்டின மீன்கள் ஆற்றில் இன்னும் இருக்கின்றன. நான் வரும் சனிக்கிழமை போகிறேன். கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை போக மாட்டேன், அன்றைக்கு வீட்டில் ஆட்கள் இருப்பார்கள், சமையல் இருக்கும். அதற்கடுத்த சனிக்கிழமை மறுபடியும் போவேன். நாசரேத்தில் யாராவது உன்னிடம் மாப்பிள்ளையின் அம்மா என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், தலையைக் குனியாமல் சொல்: நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர்கள், இப்போது ஆற்று மீனுக்கு வயது பார்க்கிறார்கள்.

அன்புடன்,
அம்மா